நிக்கலில் மாங்கனீஸ் சேர்த்து 190 மில்லிவோல்ட் வந்துவிட்டது, அடுத்து எந்த உலோகம்?

கேள்வி: காரைக்குடியில் முதுகலை வேதியியல் கடைசி வருடம் படிக்கிறேன். நிக்கல் ஃபோம் (துளை நிறைந்த நிக்கல் பஞ்சு) மேல் மாங்கனீஸ் கலந்த நிக்கல் ஹைட்ராக்சைடை ஹைட்ரோதெர்மல் முறையில் (மூடிய கலத்தில் கரைசலைச் சூடாக்கி) வளர்த்தேன். 1 மோலார் கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் ஆக்சிஜன் வெளியேறும் வினைக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியரில் 190 மில்லிவோல்ட் மிகை மின்னழுத்தம் (கோட்பாட்டளவில் வேண்டிய 1.23 வோல்ட்டுக்கு மேல் கூடுதலாகத் தேவைப்படுவது) வருகிறது. மூன்று நாள் தொடர்ந்து ஓட்டினால் வினையூக்கி இன்னும் நன்றாக வேலை செய்கிறது. மூன்றாவதாக ஓர் உலோகம் சேர்த்துப் புதிய வினையூக்கி செய்ய நினைக்கிறேன். எதைச் சேர்க்கலாம், எப்படித் தேர்ந்தெடுப்பது? ப்ராஜெக்டுக்கு நான்கு மாதம் இருக்கிறது.

பதில்: தம்பி, மூன்றாவது உலோகத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் மின்முனையில் இரண்டாவது உலோகம் எது என்பதே இன்னும் முடிவாகவில்லை. அது மாங்கனீஸ் என்று நீங்கள் நம்புகிறீர்கள். நீங்கள் சொன்ன அடையாளங்களைப் பார்த்தால் அது இரும்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

முதலில் அந்த 190-ஐப் பார்ப்போம். காரக் கரைசலில் நிக்கல் இரண்டிலிருந்து மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலைக்குப் போகும்போது ஆர்.எச்.இ. அளவில் (அதே கரைசலில் உள்ள ஹைட்ரஜன் மின்முனையைப் பூஜ்யமாகக் கொண்ட அளவு) 1.35 முதல் 1.45 வோல்ட்டுக்குள் ஓர் உச்சி வரும். ஃபோமின் உண்மையான பரப்பு மிகப் பெரிது. அதனால் இந்த உச்சியே 10 மில்லிஆம்பியரைத் தாண்டிவிடும். 1.42-லிருந்து 1.23-ஐக் கழித்தால் சரியாக 190. அந்த இடத்தில் ஒரு குமிழிகூட வந்திருக்காது. நீங்கள் அளந்தது ஆக்சிஜன் அல்ல, நிக்கல் சார்ஜ் ஏறும் மின்னோட்டம். பழைய நிக்கல்-இரும்பு பேட்டரியின் நேர்முனையில் நடப்பதும் இதுவே.

கண்ணாலேயே பார்க்கலாம். வினாடிக்கு 1 மில்லிவோல்ட் வேகத்தில் மெதுவாக ஏற்றிக்கொண்டே மின்முனையைப் பாருங்கள். வெளிர் பச்சையாக இருந்த ஃபோம் ஓரத்திலிருந்து கருக்கத் தொடங்கிச் சில நிமிடங்களில் முழுக்கக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு. அது கருக்கும்போது வரும் மின்னோட்டத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கறுத்து முடிந்த பிறகுதான் ஃபோமின் துளைகளில் ஊசிமுனை போலக் குமிழிகள் கட்டத் தொடங்கும். அந்த இடத்து மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், 1.42-ஐ விட நன்றாகவே மேலே இருக்கும்.

ஆகவே மேலேறும் எல்.எஸ்.வி. (மின்னழுத்தத்தைச் சீராக மாற்றிக்கொண்டே மின்னோட்டத்தை அளக்கும் முறை) கோட்டிலிருந்து எண்ணை எடுக்காதீர்கள். மேலிருந்து கீழே இறங்கும் கோட்டில் எடுங்கள், அல்லது 10 மில்லிஆம்பியரை அரை மணி நேரம் நிறுத்தி வைத்து நிலையான மின்னழுத்தத்தைக் குறியுங்கள். 50, 100 மில்லிஆம்பியரிலும் அதையே செய்யுங்கள். டாஃபெல் சரிவையும் (மின்னோட்டம் பத்து மடங்காக எவ்வளவு மின்னழுத்தம் கூட வேண்டும் என்பது) இந்த நிலையான புள்ளிகளைக் கொண்டுதான் போட வேண்டும். வேகமாக ஓட்டிய எல்.எஸ்.வி.யில் கோடு வரைந்து எடுத்த டாஃபெல் சரிவில் பாதி, பரப்பில் சார்ஜ் சேர்வதால் வரும் கொள்ளளவு மின்னோட்டமாக இருக்கும்.

சில்வர்-சில்வர் குளோரைடு ஒப்பு மின்முனையைக் காரத்தில் வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். நுனியில் உள்ள பீங்கானை காரம் அரிக்கும், குளோரைடு கசியும், இரண்டு நாளில் 20, 30 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். பாதரசம்-பாதரச ஆக்சைடு மின்முனைதான் காரத்துக்கு ஏற்றது. அதையும் வாய்ப்பாட்டை நம்பி மாற்றாமல், அதே கரைசலில் ஹைட்ரஜனைக் குமிழவிட்டு, சுத்தமான பிளாட்டினக் கம்பியை வினாடிக்கு 1 மில்லிவோல்ட் வேகத்தில் ஓட்டி, மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தைக் குறியுங்கள். அதுதான் உங்கள் ஆர்.எச்.இ. பூஜ்யம். சித்திரை, வைகாசியில் ஏ.சி. இல்லாத ஆய்வகத்தில் கரைசல் 35 டிகிரிக்குப் போய்விடும். கட்டுரைகளில் உள்ள எண்கள் பெரும்பாலும் 25 டிகிரிக்கானவை. தண்ணீர்த் தொட்டிக்குள் செல்லை வைத்து வெப்பநிலையை நிறுத்துங்கள், அந்த வெப்பநிலையிலேயே பூஜ்யத்தையும் பாருங்கள்.

கரைசலின் மின்தடைக்கான திருத்தத்தையும் கவனியுங்கள். 1.5 ஓம் தடை என்றால் 10 மில்லிஆம்பியரில் 15 மில்லிவோல்ட்தான். 100 மில்லிஆம்பியரில் அது 150. தடையை இம்பீடன்ஸில் (மாறுமின்னோட்டம் கொண்டு அளக்கும் முறை) அளந்து 85 சதவீதம் வரை திருத்தலாம். நூறு சதவீதம் திருத்தினால் பொட்டன்ஷியோஸ்டாட் (மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அலைபாயும், கோடு பின்னோக்கி வளையும். அப்படி வளைந்த கோட்டிலிருந்து எடுக்கும் எண் உண்மையைவிட அழகாகவே தெரியும்.

இனி இரும்பு. உங்கள் கே.ஓ.எச். டப்பாவின் லேபிளில் இரும்பு எவ்வளவு என்று போட்டிருக்கும். 0.001 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கே.ஓ.எச். வில்லைகளில் ஏறக்குறைய 15 சதவீதம் தண்ணீர் இருப்பதால் 1 மோலார் கரைசலுக்கு லிட்டருக்கு 56 கிராம் போதாது, 66 கிராம் வேண்டும். அதில் இரும்பு 0.66 மில்லிகிராம். நீங்கள் பயன்படுத்தும் 100 மில்லியில் 66 மைக்ரோகிராம். மின்முனையில் 1 மில்லிகிராம் நிக்கல் ஹைட்ராக்சைடு இருந்தால் அதில் நிக்கல் 10.8 மைக்ரோமோல். கரைசலில் உள்ள இரும்பு 1.2 மைக்ரோமோல். அத்தனையும் மின்முனையில் ஏறினால் நிக்கலுக்குப் பதினொரு சதவீதம் இரும்பு! நீங்கள் கையால் சேர்க்காமலேயே நிக்கல்-இரும்பு வினையூக்கி தயாராகிவிடும். "மூன்று நாளில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது" என்றீர்களே, அந்த மூன்று நாளும் இரும்பு ஏறிக்கொண்டிருந்தது என்பதுதான் முதலில் சந்தேகிக்க வேண்டியது. 1987-இலேயே காரிகன் என்பவர் நிக்கல் ஆக்சைடில் நுழையும் சொற்ப இரும்பு ஆக்சிஜன் வெளியேற்றத்தை எவ்வளவு கூட்டுகிறது என்று காட்டினார். 2014-இல் ட்ரோட்டோசோ, போட்சர் குழுவினர், இரும்பை முழுக்க நீக்கினால் நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு உண்மையில் மந்தமானது என்று நிறுவினார்கள். இத்தனைக்குப் பிறகும் சுத்திகரிக்காத காரத்தில் அளந்த "புதிய" நிக்கல் வினையூக்கிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, ஏனென்றால் அதை நம்பி இன்னொரு மாணவர் ஒரு வருடத்தைச் செலவழிக்கிறார்.

செட்டிநாட்டில் இரும்பு நுழைய இன்னொரு வழியும் இருக்கிறது. நம் ஊர் மண் சிவந்திருப்பதே இரும்பு ஆக்சைடால்தான். ஆத்தங்குடிக் கல்லுக்குச் சிவப்பு நிறம் தரும் பொடியும் அதே சரக்குதான். ஆடிக்காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்து, மூடாத பீக்கரில் மூன்று நாள் சோதனை ஓட்டினால் கரைசலில் என்ன விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. செல்லை மூடியே வையுங்கள். கண்ணாடி பீக்கரும் வேண்டாம். காரம் கண்ணாடியைக் கரைத்து அதிலுள்ள இரும்பையும் சிலிக்காவையும் வெளியே எடுக்கும். பாலிபுரொப்பிலீன் அல்லது டெஃப்லான் பாத்திரத்தை 1 மோலார் சல்ஃப்யூரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிப் பயன்படுத்துங்கள். தண்ணீர் 18.2 மெகாஓம் தரத்தில் இருக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் இதற்கு ஆகாது.

காரத்தைச் சுத்திகரிப்பது கடினமில்லை. உயர் தூய்மை நிக்கல் நைட்ரேட் 2 கிராமை 4 மில்லி தண்ணீரில் கரைத்து, 20 மில்லி 1 மோலார் கே.ஓ.எச். ஊற்றினால் பச்சை நிக்கல் ஹைட்ராக்சைடு படியும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, தண்ணீரும் கொஞ்சம் காரமும் கொண்டு மூன்று முறை கழுவுங்கள். அந்தப் படிவின் மேல் நீங்கள் பயன்படுத்தப்போகும் கே.ஓ.எச். 50 மில்லியை ஊற்றிப் பத்து நிமிடம் குலுக்கி, மூன்று மணி நேரம் அசைக்காமல் வைத்துவிடுங்கள். இரும்பை நிக்கல் ஹைட்ராக்சைடு உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி சுற்றி, மேல் தெளிவை மட்டும் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். பச்சைத் துகள் கலங்கி வந்தால் இன்னொரு முறை சுற்ற வேண்டும்.

இப்போது மூன்று மின்முனை வேண்டும்: வெறும் ஃபோம், மாங்கனீஸ் இல்லாத நிக்கல் ஹைட்ராக்சைடு, உங்கள் நிக்கல்-மாங்கனீஸ். ஒவ்வொன்றையும் சாதாரணக் காரத்திலும், சுத்திகரித்த காரத்திலும், சுத்திகரித்ததில் வேண்டுமென்றே 1 பி.பி.எம். இரும்பு சேர்த்த காரத்திலும் ஓட்டுங்கள். இரும்பு சேர்க்க, ஃபெரிக் நைட்ரேட் நோனாஹைட்ரேட் 72 மில்லிகிராமை ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்ட 100 மில்லி தண்ணீரில் கரைத்து, அதில் 1 மில்லியை எடுத்து 100 மில்லி காரத்தில் கலக்கிக்கொண்டே விட்டால் போதும். ஃபோமிலேயே சிறிது இரும்பு இருக்கக்கூடும். அதனால் இதே தொடரை கிளாஸி கார்பன் மின்முனையிலும் ஒரு முறை, அதிக மின்னழுத்தத்தில் நெடுநேரம் வைக்காமல், செய்து பாருங்கள். சுத்திகரித்த காரத்தில் நிக்கல்-மாங்கனீஸின் திறன் சரிந்து வெறும் நிக்கல் ஹைட்ராக்சைடுக்குப் பக்கத்தில் போய் நின்றால், மாங்கனீஸ் ஒன்றும் செய்யவில்லை. சரியாமல் நின்றால் உங்கள் கையில் உண்மையான விஷயம் இருக்கிறது, அதை விடாதீர்கள். கூடவே சி.வி.யில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி எடுக்கும் கோடு) நிக்கல் உச்சியைப் பாருங்கள். இரும்பு ஏற ஏற அந்த உச்சி மேல் மின்னழுத்தத்துக்கு நகரும், சிறுத்துக்கொண்டும் வரும். ஐ.சி.பி. கருவி (கரைசலில் உள்ள சொற்ப உலோகத்தை அளப்பது) இல்லாமலே இரும்பைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது.

ஐ.சி.பி. அளவு வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் சிக்ரி, உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கைடு வழியாகக் கேளுங்கள். மின்முனையை அமிலத்தில் கரைத்த கரைசல், ஓட்டுவதற்கு முன் எடுத்த காரம், ஓட்டிய பின் எடுத்த காரம், இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் எது எங்கிருந்து எங்கே போனது என்று தெரியாது.

மாங்கனீஸ் பற்றி இன்னொன்று. காரத்தில் மாங்கனீஸ் டைஆக்சைடு பெர்மாங்கனேட்டாக மாறும் நியம மின்னழுத்தம் 0.595 வோல்ட், பி.எச். 14-இல் ஆர்.எச்.இ. அளவுக்கு மாற்றினால் 1.42. நீங்கள் ஆக்சிஜன் எடுப்பது அதற்கும் மேலே. அதாவது ஓடும்போதே மாங்கனீஸ் கரைந்து வெளியேற வெப்ப இயக்கவியல் இடம் கொடுக்கிறது. ஒரு நாள் ஓட்டிய காரத்தை யூ.வி. நிறமாலையில் வைத்து 525 நானோமீட்டரில் ஏதாவது எழும்புகிறதா என்று பாருங்கள். வடிவமைப்பு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எந்தத் தனிமத்தையும் சேர்ப்பதற்கு முன் அதன் புர்பே வரைபடத்தை (எந்த பி.எச்.-இல், எந்த மின்னழுத்தத்தில் எது நிலைக்கும் என்று காட்டுவது) திறந்து, பி.எச். 14-க்கு நேரே 1.5 முதல் 1.7 வோல்ட் வரை திண்மமாக நிற்கிறதா, கரைகிறதா என்று பார்க்க வேண்டும். மெட்டீரியல்ஸ் புராஜெக்ட் தளத்தில் இது இலவசம், பத்து நிமிட வேலை. வனேடியம், மாலிப்டினம், டங்ஸ்டன் மூன்றும் ஆக்சி அயனிகளாகக் கரையும். அவை கரைந்துபோன இடத்தில் துளை விழுந்து பரப்பு கூடும். அதைத்தான் பலர் உலோகங்களுக்கு இடையிலான ஒத்துழைப்பு என்று எழுதிவிடுகிறார்கள். குரோமியம் ஆறாம் நிலைக்குப் போய்க் கரையும்; நஞ்சு, வேண்டாம். அலுமினியமும் துத்தநாகமும் காரத்தில் கரையும் என்று தெரிந்தே சேர்த்து, வெளியேற்றிப் பரப்பைப் பெருக்கலாம். ரேனி நிக்கல் அப்படி வந்ததுதான், அது நேர்மையான வழி. சல்ஃபைடு, பாஸ்ஃபைடு எல்லாம் ஆக்சிஜன் பக்கத்தில் சில மணி நேரத்தில் ஆக்சிஹைட்ராக்சைடாக மாறிவிடும். வேலை செய்வது எது என்று ஓட்டிய பிறகு எடுத்த எக்ஸ்.பி.எஸ்., ராமன் நிறமாலைகள்தான் சொல்லும், தயாரித்தவுடன் எடுத்தது அல்ல.

நிலைத்து நிற்பவற்றில் எது திறமையாக வேலை செய்யும்? ஆக்சிஜன் வெளியேற்றம் நான்கு எலக்ட்ரானை நான்கு படியில் எடுக்கும் வினை. பரப்பில் ஓ.எச். ஒட்டும், அது ஓ ஆகும், பிறகு ஓ.ஓ.எச். ஆகும், கடைசியில் ஆக்சிஜன் கழன்று போகும். ஒவ்வொரு படியும் 1.23 எலக்ட்ரான்வோல்ட் கேட்டால் மிகை மின்னழுத்தமே வேண்டியதில்லை. ஆனால் ஓ.எச்., ஓ.ஓ.எச். இரண்டும் ஒரே ஆக்சிஜன் வழியாகத்தான் உலோகத்தைப் பிடிக்கின்றன. ஒன்றின் பிடி இறுகினால் மற்றதும் இறுகும். ஆகையால் இரண்டுக்கும் இடையிலான ஆற்றல் வித்தியாசம் எந்த ஆக்சைடிலும் ஏறக்குறைய 3.2 எலக்ட்ரான்வோல்ட்டிலேயே நிற்கிறது, இருக்க வேண்டியது 2.46. மிச்சம் 0.74-ஐ இரண்டு படிகள் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.37. உலோகத்தை மாற்றி மாற்றிப் போட்டு நீங்கள் நகர்த்த முடிவது ஓ-வின் பிடியை மட்டும். அது ஒட்டியும் ஒட்டாமலும் நடுவில் நிற்க வேண்டும். நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு அடுக்குக்குள் உட்கார்ந்த இரும்பில் இந்தப் பிடி நடுவுக்கு அருகில் வருகிறது. ஏறக்குறைய 25 சதவீதம் வரை இரும்பு அடுக்குக்குள் போகும். அதைத் தாண்டினால் தனியாக இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடாகப் பிரியும். அது மின்சாரம் சரியாகக் கடத்தாது. நல்ல ஃபோமில் 300 மில்லிவோல்ட்டுக்குக் கீழே எண்கள் வருவது முதன்மையாகப் பரப்பு பெரிதாக இருப்பதால். அதனால் இரட்டை அடுக்குக் கொள்ளளவை (உண்மையான பரப்பைக் காட்டும் அளவு) நிக்கல் உச்சிக்கு வெகு கீழே அளந்து, பரப்புக்குப் பங்கிட்ட எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். டி.எஃப்.டி. (கணினியில் செய்யும் குவாண்டம் கணக்கு) செய்யத் துணை இருந்தால் குவாண்டம் எஸ்பிரெசோ மென்பொருள் போதும், நிக்கலுக்கும் இரும்புக்கும் யூ திருத்தம் (எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கத்துக்கான திருத்தம்) போட்டே ஆக வேண்டும். ஆனால் கணக்கின் பிழையே 0.2 எலக்ட்ரான்வோல்ட் வரை போகும். 50 மில்லிவோல்ட் வித்தியாசத்தை வைத்து இரண்டு உலோகங்களைத் தரம் பிரிக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆகவே நிக்கல்-இரும்பு 3:1 உங்கள் ஒப்பீட்டு மின்முனை. ஃபோமை 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 15 நிமிடம் சோனிகேட் செய்து, தண்ணீரிலும் எத்தனாலிலும் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே எடை போடுங்கள். அமிலத்தில் ஃபோமே எடை குறையும் என்பதால் முன்பே போட்ட எடை பயன்படாது. நிக்கல் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 0.218 கிராம், ஃபெரிக் நைட்ரேட் 0.101 கிராம், யூரியா 0.300 கிராம், தண்ணீர் 35 மில்லி, 50 மில்லி டெஃப்லான் ஆட்டோகிளேவ், 120 டிகிரி, 12 மணி நேரம். கொள்ளளவில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. அடுப்பிலிருந்து எடுத்துத் தண்ணீரில் குளிரவைக்கவும் கூடாது, தானாக ஆறட்டும். வெறும் நிக்கல் வெளிர் பச்சையாக வரும், இரும்பு சேர்ந்தது மஞ்சள் பழுப்பாக வரும். ஆட்டோகிளேவின் அடியில் காவி நிறத்தில் தூள் தனியாக நின்றால் இரும்பு முந்திப் படிந்துவிட்டது என்று பொருள்: அது நிக்கலைவிட வெகு குறைந்த பி.எச்.-இலேயே படியும். ட்ரைசோடியம் சிட்ரேட் சிறிது சேர்த்தால் இரும்பைப் பிடித்து வைத்து இரண்டும் சேர்ந்து படியச் செய்யும். கரைசலில் 3:1 போட்டதால் மின்முனையிலும் 3:1 என்று எழுதிவிடாதீர்கள்.

இதன் மேல் மூன்றாவது உலோகத்தை 2, 5, 10 சதவீதமாக மாற்றிப் பாருங்கள். உங்கள் நான்கு மாதத்துக்குக் கோபால்ட் நல்ல தேர்வு. நிக்கலைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே அது ஆக்சிஜனேற்றமாகி அடுக்கைக் கடத்தவைக்கும், காரத்தில் நிற்கவும் செய்யும். சீரியம் அடுக்குக்குள் போகாமல் பெரும்பாலும் சீரியம் டைஆக்சைடு துகளாகப் பக்கத்தில் நிற்கும். அதை எடுத்தால் கேள்வி எல்லைப்பரப்பைப் பற்றியதாக மாறிவிடும். ஒவ்வொரு விகிதத்துக்கும் மூன்று மின்முனைகளாவது செய்யுங்கள். ஹைட்ரோதெர்மலில் ஒரே நாளில் செய்த இரண்டே 15, 20 மில்லிவோல்ட் வேறுபடலாம், அதற்குள் அடங்கும் முன்னேற்றம் முன்னேற்றமல்ல.

வந்தது ஆக்சிஜன்தான் என்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 10 மில்லிஆம்பியரில் ஒரு மணி நேரம் என்றால் 36 கூலும். 25 டிகிரியில் 2.28 மில்லி ஆக்சிஜன், எதிர்முனையில் 4.56 மில்லி ஹைட்ரஜன் வர வேண்டும். கவிழ்த்த பியூரெட் போதும். 100 மில்லிஆம்பியரில் செய்தால் படிக்கும் பிழை குறையும். இரண்டு வாயுவும் ஒன்றாகச் சேராமல் இடையில் சவ்வு வையுங்கள், ஹைட்ரஜனை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள்.

நிலைத்தன்மைக்கு 10 மில்லிஆம்பியரில் 24 மணி நேரம் ஓட்டிய நேர்கோட்டை மட்டும் காட்டாதீர்கள். தொழிற்சாலை ஆல்கலைன் எலக்ட்ரோலைசர் 70 முதல் 90 டிகிரியில், 25 முதல் 30 சதவீதக் காரத்தில், சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு மில்லிஆம்பியரில் ஓடுகிறது. அங்கே 100 மில்லிவோல்ட் குறைத்தால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2.66 யூனிட் மின்சாரம் மிச்சம்; இந்த உழைப்புக்கெல்லாம் பலன் அதுதான். குறைந்தபட்சம் 60 டிகிரி, 6 மோலார் காரம், 200 மில்லிஆம்பியரில் ஒரு சோதனை செய்யுங்கள். நம் பக்கம் சூரிய மின்சாரத்தில் எலக்ட்ரோலைசரை ஓட்டினால் சாயங்காலம் நின்று காலையில் தொடங்கும். நிற்கும்போது சார்ஜ் ஏறியிருக்கும் நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு எதிர்முனையோடு பேட்டரி போல டிஸ்சார்ஜ் ஆகி, தலைகீழ் மின்னோட்டம் ஓடும். அடுக்கு உரிவதும் இரும்பு வெளியேறுவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில் நடக்கும், ஓடும்போது அல்ல. ஒரு மணி நேரம் ஓட்டி, இரண்டு முனைகளையும் இணைத்தபடியே 20 நிமிடம் நிறுத்தி, 50 சுற்று செய்யுங்கள். பொட்டன்ஷியோஸ்டாட்டுக்கு யூ.பி.எஸ். வையுங்கள், நடுவில் கரண்ட் போனால் சுற்றுக் கணக்கு கெட்டுவிடும். ஒவ்வொரு பத்து சுற்றுக்கும் 5 மில்லி காரம் எடுத்துப் பிளாஸ்டிக் குப்பியில் தேதி போட்டு வைத்து, கடைசியில் ஐந்தையும் சேர்த்து நிக்கல், இரும்பு, கோபால்ட் மூன்றுக்கும் அளக்கக் கொடுங்கள். எடுத்த அளவுக்குப் புதுக் காரம் ஊற்றியதையும் குறித்து வையுங்கள்.